ரேகை விழலன்னா ஆச்சிய திருப்பி அனுப்பிருவீங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தென்காசி மாவட்டத்துல ஒரு தாலுகா ஆபீஸ் பக்கத்துல சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ஆன்லைன் அப்ளிகேஷனும் போட்டுக் கொடுப்பேன், 16 வருஷமா இதுதான் பொழப்பு. முதியோருக்கு என்னென்ன திட்டம் இருக்குன்னு உங்க பேப்பர்ல ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, அதை வெட்டி கடைச் சுவத்துல ஒட்டியே வச்சிருக்கேன், வர்ற போற எல்லாரும் நின்னு படிக்காங்க. அதுல இருக்குறது எல்லாமே நல்ல திட்டம்தான், நான் ஒண்ணையும் குறை சொல்ல வரல. ஆனா அந்தப் பக்கத்துல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அந்த திட்டத்துல பாதிக்கு மேல போய்ச் சேரணும்னா நடுவுல ஒரு சின்ன மிஷின் இருக்கு, அதுல விரலை வைக்கணும். அந்த விரல்ல ரேகை இல்லன்னா என்ன பண்றதுன்னு யாரும் எழுதல. அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கிட்டு படிங்க.

எங்கம்மாவுக்கு 76 வயசு. 13 வயசுல பீடி சுத்த உக்காந்தவங்க, 40 வருஷத்துக்கு மேல சுத்திருக்காங்க. எங்க பக்கம் பீடி சுத்தாத வீடு கம்மி, அதனால உங்க வாசகர்கள்ல பாதிப்பேருக்கு இது தெரிஞ்சிருக்கும், தெரியாதவங்களுக்காக சொல்றேன். சொளவை, அதான் முறத்தை, மடியில வச்சுக்கிட்டு, நனைச்சு வச்ச இலையை அளவா கத்தரிச்சு, தூளை வச்சு உருட்டி, நூலைச் சுத்திக் கட்டி, தலைப்பை பெருவிரலால மடக்கி உள்ள தள்ளணும். ஒரு நாளைக்கு 1000 பீடின்னா 1000 தடவை அந்தப் பெருவிரல் இலையில உரசும். இன்னைக்கு எங்கம்மா பெருவிரல தொட்டுப் பாத்தா கூழாங்கல்லு மாதிரி வழுவழுன்னு இருக்கு, வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாலும் ஒரு கோடு தெரியாது. எங்க மூணு பேரையும் படிக்க வச்சது அந்த விரல்தான்.

அந்த வேலைக்கு புடிச்ச பிஎஃப்ல இருந்து அவங்களுக்கு மாசம் 1000 ரூபாய் பென்ஷன் வருது. 2014 செப்டம்பர்ல குறைஞ்சபட்சம்னு வச்ச தொகை அது. அந்தப் பணம் தொடர்ந்து வரணும்னா வருஷத்துக்கு ஒருக்க நான் உசுரோட இருக்கேன்னு லைஃப் சர்டிபிகேட் கொடுக்கணும். கவர்மெண்ட் பென்ஷன்காரங்களுக்கு அது நவம்பர் மாசம், 80 வயசு தாண்டினவங்க அக்டோபர் 1ல இருந்தே கொடுக்கலாம். பிஎஃப் பென்ஷனுக்கு அப்படி இல்ல, கடைசியா கொடுத்த தேதியில இருந்து ஒரு வருஷம், எந்த மாசம் வேணாலும் வரும். இந்த வித்தியாசம் தெரியாமலே நிறைய பேர் நவம்பர் வரட்டும்னு இருந்து பென்ஷன் நின்னு போய் கடைக்கு வாராங்க, அதனால இதை நீங்க ஒரு தடவை தனியாவே போட்டாக்கூட நல்லது.

போன வருஷம் எங்கம்மாவுக்கு அந்த மாசம் வந்துச்சு. அவங்க கிராமத்துல இருக்காங்க, நான் டவுன்ல. என்கிட்ட சொல்லாம அவங்களே பஸ் ஏறி 11 கிலோமீட்டர் தள்ளி இருக்குற பேங்குக்கு போயிருக்காங்க. ரேகை விழல. கையைக் கழுவிட்டு வாங்கன்னாங்களாம், வெளிய குழாய்ல கழுவி முந்தானையில துடைச்சுட்டு வந்து வச்சாங்களாம், அப்பவும் சிவப்பு லைட்டுதான். 10 விரலையும் வச்சுப் பாத்துட்டு இன்னொரு நாள் வாங்கன்னு சொல்லிட்டாங்க. இன்னொரு நாள் போனா சர்வர் இல்ல. மூணாவது தடவை போனப்ப, உங்களுக்கு ரேகையே இல்லம்மா நாங்க என்ன பண்ணன்னு கேட்டாங்களாம். அந்த கவுண்டர்ல இருந்த தம்பிய நான் குத்தம் சொல்லல, அவரு முன்னாடி 30 பேரு நின்னிருப்பாங்க, அவருக்கும் வேலை நெருக்கடிதான். ஆனா அந்தக் கேள்விய கேட்டுட்டு அவரு அடுத்த டோக்கன கூப்பிட்டுட்டாரு. எங்கம்மா வெளிய வந்து பஸ்ஸ்டாப்புல உக்காந்து கையையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம், இதை அவங்க சொல்லும்போது என்னால தாங்க முடியல.

பென்ஷன் நின்னு போச்சு. ஒரு லெட்டர் இல்ல, ஒரு மெசேஜ் இல்ல, வந்திருந்தாலும் அவங்ககிட்ட இருக்குறது பட்டன் போன், அதுல மெசேஜ் பாக்கத் தெரியாது. 4 மாசம். நான் நடுவுல ரெண்டு தடவை போயிருக்கேன், அப்பவும் சொல்லல. மூணாவது தடவை போனப்ப கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாங்க, பால் எங்கம்மான்னு கேட்டா சளி புடிக்குதுன்னு நிறுத்திட்டேன்னாங்க. பால் ஊத்துற அக்கா தெருவுல பாத்து, ஆச்சி 4 மாசமா பால் வாங்கலன்னு சொன்ன பிறகுதான் விஷயமே வெளிய வந்துச்சு. ஏம்மா சொல்லலன்னு கேட்டதுக்கு, கடையில நீ நாலு பேருக்கு பாக்குறவ, உனக்கு எதுக்கு தொந்தரவுன்னு நினைச்சேன்னாங்க.

அன்னைக்கே திண்ணையில உக்கார வச்சு என் போன்லயே முடிச்சுட்டேன். ஜீவன் பிரமான் ஆப்புல முகத்தைக் காட்டியே லைஃப் சர்டிபிகேட் எடுக்கலாம், ரேகையே வேண்டாம், 2021 நவம்பர்ல இருந்து இந்த வசதி இருக்கு. ஆதார் நம்பரு, பென்ஷன் ஆர்டர்ல இருக்குற பிபிஓ நம்பரு, பேங்க் கணக்கு நம்பரு எல்லாம் போட்டுட்டு போனை முகத்துக்கு நேரா புடிச்சா, கண்ணை சிமிட்டச் சொல்லும். எங்கம்மா சிமிட்டவே மாட்டேங்குறாங்க. அந்தக் காலத்துல போட்டோ ஸ்டூடியோல கண்ணை மூடாதீங்க கண்ணை மூடாதீங்கன்னு சொல்லிச் சொல்லியே பழகினவங்க, போட்டோன்னாலே கண்ணை அகல முழிச்சுக்கிட்டு மூச்ச புடிச்சு உக்காருவாங்க. மூணாவது தடவை நான் எதுத்தாப்புல உக்காந்து நான் சிமிட்டிக் காட்ட அவங்களும் சிமிட்ட, பச்சை டிக் வந்துருச்சு. மொத்தம் 5 நிமிஷம் இருக்கும். அடுத்த மாசம் 4 மாச பாக்கியும் சேர்ந்து வந்துச்சு, அன்னைக்கு சாயந்திரமே பால் ஊத்துற அக்காவ கூப்பிட்டு நாளைல இருந்து கால் லிட்டர் ஊத்துன்னு சொல்லிட்டாங்க.

நான் கேக்குறது இதுதான். அந்த 5 நிமிஷ வேலைய அந்த பேங்குல முதல் நாளே யாராவது பண்ணிருக்கலாமே. ரிசர்வ் பேங்கு 2017 நவம்பர் 9ஆம் தேதி எல்லா பேங்குக்கும் ஒரு சர்க்குலர் போட்டிருக்கு, 70 வயசு தாண்டினவங்களுக்கு பணம் எடுக்குறது போடுறது, லைஃப் சர்டிபிகேட் வாங்குறது எல்லாம் வீட்டுக்கே போய் செய்ய ஏற்பாடு பண்ணுங்க, பிராஞ்சுல முதியோருக்கு தனி கவுண்டர் வைங்கன்னு அதுல தெளிவா இருக்கு. எங்கம்மாவுக்கு 76. மூணு தடவை போயிருக்காங்க. நாங்க வீட்டுக்கு வாரோம் ஆச்சி நீங்க போங்கன்னு ஒருத்தரும் சொல்லல. இதே வேலைய போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து செஞ்சு கொடுப்பாருன்னும் சொல்லல. அந்த பிராஞ்சுல இருக்குறவங்களுக்கே இது தெரியுமான்னு எனக்கு சந்தேகமா இருக்கு.

எங்கம்மா கதையோட நிக்கலீங்க. என் கடைக்கு தினமும் இப்படி ரெண்டு மூணு பேராவது வாராங்க. 40 வருஷம் சிமெண்ட்டுல கை வச்ச கொத்தனார் தாத்தா, எட்டு வீட்டுல பாத்திரம் தேச்ச அக்கா, களை பறிச்சு பறிச்சு விரல் எல்லாம் வெடிச்சுப் போன ஆச்சி. வேலை செய்யாதவங்களுக்கும் வயசாக ஆக தோல் காஞ்சு தளந்து ரேகை மங்கிரும், ஆனா கையால பொழச்சவங்களுக்குத்தான் ரொம்ப சீக்கிரம் போயிருது. ஒரு ஆச்சி வந்து என் கடை வாசல்ல நின்னுக்கிட்டு, ஏ தாயி நான் உசுரோட இருக்கேன்னு யாருகிட்டம்மா போய் சொல்லணும்னு கேட்டாங்க. எனக்கு பதில் வரல, உக்கார வச்சு தண்ணி கொடுத்தேன்.

ரேகை இல்லன்னா ஓடிபி இருக்கேன்னு சொல்லுவீங்க. அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. இந்த வயசுக்காரங்க ஆதார்ல நிறைய பேருக்கு சேத்திருக்குறது பேரனோட நம்பர். பேரன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஷிப்டுல நிப்பான், போனை லாக்கர்ல வச்சுட்டுத்தான் உள்ள போகணும். ஓடிபிக்கு 10 நிமிஷம்தான் ஆயுசு. நாங்க இங்க இருந்து போன் மேல போன் போட, அவன் டீ பிரேக்குல வந்து எடுக்கும்போது அது செத்துப் போயிருக்கும். இல்லன்னா அந்த சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணாம விட்டு நம்பரே வேற யாருக்கோ போயிருக்கும். அதனால முதல் வேலையா ஆதார்ல யார் நம்பரு இருக்குன்னு பாருங்க, கூட இருக்குற ஆளோட நம்பரா மாத்துங்கன்னு நான் வர்ற எல்லார்கிட்டயும் சொல்றேன்.

இப்ப இன்னொண்ணு சொல்லணும், இதுதான் என் மனசுல ரொம்ப நாளா ஓடுது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்க. எங்கம்மாவுக்கு பிரஷரும் சுகரும் உண்டு. மாசாமாசம் அந்த திட்டத்துல வேலை பாக்குற அக்கா வீட்டுக்கே வந்துருவாங்க, வெயிலோ மழையோ. வாசல்ல நின்னு பேரைச் சொல்லி கூப்பிடுவாங்க, பிரஷர் பாப்பாங்க, காலைக் காட்டச் சொல்லி புண்ணு எதும் இருக்கான்னு பாப்பாங்க, மாத்திரைய கையில கொடுத்து காலையில எது நைட்டு எதுன்னு சொல்லிட்டுப் போவாங்க. ஒரு நாளும் எங்கம்மாகிட்ட ரேகை கேட்டதில்ல. பென்ஷன் நின்ன அந்த 4 மாசமும் மாத்திரை மட்டும் நிக்கல, அது நின்னிருந்தா என்ன ஆகிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது. பால் போச்சு, மாத்திரை போகல. ஏன்னா பால் வாங்குற பணம் மிஷின் வழியா வருது, மாத்திரை ஒரு மனுஷி கையில வருது.

தாயுமானவர் திட்டமும் அப்படித்தான். 2025 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, முதியோர் வீட்டுக்கும் மாற்றுத்திறனாளிங்க வீட்டுக்கும் ரேஷன் பொருள் வண்டியில வருது. எடை மிஷினும் ரேகை மிஷினும் அதே வண்டியில வருது. எங்க தெருவுல வந்த ஊழியர் ரொம்ப நல்லவரு, ரேகை விழலன்னதும் விட்டுட்டுப் போகல, கருவிழிய வச்சுப் பாத்து பில் போட்டுட்டு அரிசிய உள்ள கொண்டாந்து பானை பக்கத்துல இறக்கி வச்சுட்டுப் போனாரு. அதே ரேகை இல்லாத கைதான், இங்க வழி இருந்துச்சு, பேங்குல இல்ல. வண்டி வராத வீட்டுலயும் முடியாதவங்க இருந்தா, ரேஷன் கடையில அங்கீகாரப் படிவம்னு ஒண்ணு எழுதிக் கொடுத்துட்டு வேற ஒருத்தர அனுப்பி வாங்கிக்கலாம், அது பல பேருக்கு தெரியல.

சட்டப்படி பாத்தாலும் ரேகை விழலங்குறது திருப்பி அனுப்ப ஒரு காரணமே கிடையாது. ஆதார் எடுக்கும்போது 10 விரல் மட்டும் எடுக்கல, ரெண்டு கருவிழியும் முகமும் சேத்துத்தான் எடுத்தாங்க. ஆதார் ஆணையமே 2017 அக்டோபர் 24ல ஒரு சர்க்குலர் போட்டு, ரேகை பதியலன்னா மாத்து வழி வச்சு ரேஷனும் மத்த உதவியும் கொடுக்கணும், மறுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கு. 2018 செப்டம்பர் 26ல வந்த ஆதார் வழக்குத் தீர்ப்புல, இதுனால தகுதியான யாருக்கும் உதவிய மறுக்க மாட்டோம்னு அரசு தரப்புல சொன்னத சுப்ரீம் கோர்ட் பதிவு பண்ணி வச்சிருக்கு. இதையெல்லாம் நான் பிரிண்ட் எடுத்து கடையில வச்சிருக்கேன், பென்ஷன் விஷயமா பேங்குக்கு போற தாத்தா ஆச்சிமாருக்கு ஒரு காப்பி சும்மா கொடுத்து அனுப்புறேன். காகிதத்தைக் காட்டினா கொஞ்சம் மரியாதை கிடைக்குது.

முதியோர் உதவித்தொகை வாங்குறவங்க நிலைமைய சொல்லவே வேண்டாம். நம்ம மாநிலத்துல 1962ல மாசம் 20 ரூபாய்னு ஆரம்பிச்ச திட்டம் அது, 2011ல 1000 ஆச்சு, 2023ல 1200 ஆச்சு. அந்த 1200ஐ எடுக்க ரேகை விழாம மூணு நாள் அலைஞ்சா பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் 200 போயிருது. கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போனா அவரோட ஒரு நாள் கூலி.

சென்னையில கிண்டியில 200 படுக்கையோட முதியோருக்குன்னே தனி ஆஸ்பத்திரி 2024ல திறந்தாங்க, அங்க மாநகர பஸ்ல 60 வயசு தாண்டினவங்களுக்கு மாசம் 10 டோக்கன் ஃப்ரீ, கேக்க சந்தோஷமா இருக்கு. எங்க ஊருக்கும் கிண்டிக்கும் 600 கிலோமீட்டர். எங்களுக்கு பெரிய கட்டடம் வேண்டாம், ஒரு மேஜை போதும்.

அதை எங்க எப்ப போடலாம்னு நானே யோசிச்சு வச்சிருக்கேன். அக்டோபர் 1 முதியோர் தினம். மறுநாள் அக்டோபர் 2 ஊருக்கு ஊர் கிராம சபை நடக்கும். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்கு இன்னொரு கிராம சபை, கவர்மெண்ட் பென்ஷன்காரங்களுக்கு அந்த மாசம்தான் லைஃப் சர்டிபிகேட் மாசமும். எப்படியும் அன்னைக்கு பெரியவங்க எல்லாம் வந்து உக்காருவாங்க, விஏஓவும் பஞ்சாயத்து செக்ரட்டரியும் இருப்பாங்க. ஒரு ஓரமா ஒரு மேஜை போட்டு, முகத்தைக் காட்டி லைஃப் சர்டிபிகேட் எடுக்கத் தெரிஞ்ச ரெண்டு பேரை உக்கார வைங்க. பக்கத்து காலேஜ் என்எஸ்எஸ் பிள்ளைங்கள அனுப்பினா அதுங்க என்னைய விட வேகமா செய்யும். போஸ்ட்மேனையும் கூப்பிடுங்க. பென்ஷன் நின்னவங்க பேரை அன்னைக்கே ஒரு நோட்டுல எழுதி, ஏன் நின்னுச்சுன்னு 15 நாள்ல பதில் சொல்லணும். நான் என் கடைய மூடிட்டு அந்த ரெண்டு நாளும் எங்க பஞ்சாயத்துல வந்து உக்காரத் தயார், இதை பஞ்சாயத்து ஆபீஸ்லயும் எழுதிக் கொடுத்திருக்கேன்.

பேங்குக்கு ஒரே ஒரு கோரிக்கை. ரேகை விழலன்னு வயசானவங்கள அனுப்பும்போது அடுத்து எப்ப வரணும், இல்ல நாங்க எப்ப வருவோம்னு ஒரு சீட்டுல தேதி எழுதிக் கொடுங்க. வெறுங்கையோட அனுப்பாதீங்க. அந்த சீட்டு இருந்தா பிள்ளைங்க பாத்துக் கேப்பாங்க, அது இல்லாததுனாலதான் எனக்கே 4 மாசம் தெரியாமப் போச்சு.

வீட்டுல இருக்குறவங்களுக்கும் ரெண்டு விஷயம், அனுபவத்துல சொல்றேன். மிஷின்ல வைக்கப் போறதுக்கு முந்தின நாள் நைட்டு விரல்ல தேங்காய் எண்ணெய் தடவி விடுங்க, காலையில வெதுவெதுப்பான தண்ணியில சோப்பு போட்டு கழுவி நல்லா ஈரம் போகத் துடைச்சுட்டு கூட்டிட்டுப் போங்க, தோல் கொஞ்சம் இளகி பல பேருக்கு விழுந்துருது. பெருவிரலையே போட்டு அழுத்திக்கிட்டு இருக்காதீங்க, மோதிர விரலும் சுண்டு விரலும் வேலையில கம்மியா தேஞ்சிருக்கும், அதை முதல்ல வச்சுப் பாருங்க. அப்பவும் விழலன்னா கருவிழி கேளுங்க, முகம் கேளுங்க, நீங்க கேட்டாத்தான் எடுப்பாங்க.

எங்க போய் கேக்குறதுன்னே தெரியாதவங்களுக்கு 14567. முதியோருக்குன்னே இருக்குற நம்பர் அது, காசு கிடையாது, காலையில 8 மணியில இருந்து நைட்டு 8 மணி வரைக்கும் எடுப்பாங்க, பட்டன் போன்ல இருந்தும் போகும். பென்ஷன் விஷயம் மட்டும் இல்ல, சொத்தை எழுதி வாங்கிட்டு பிள்ளைங்க சோறு போடலன்னாலும் என்ன பண்ணணும்னு சொல்லுவாங்க. அதுக்கு 2007ல வந்த சட்டம் இருக்கு, ஆர்டிஓகிட்ட, அதான் வருவாய் கோட்டாட்சியர்கிட்ட, மனு கொடுத்தா போதும், வக்கீல் வேண்டாம். அப்படி மனு டைப் பண்ண வர்ற தாத்தாமார் கூனிக் குறுகி நிக்கிறது தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுறேன்.

உங்ககிட்ட ஒரு உதவி. தினமும் தங்கம் விலை போடுறீங்கல்ல, அதுக்குப் பக்கத்துலயே இந்த 14567ஐயும் ஒரு கட்டம் கட்டி போடுங்க. எங்க ஊர் டீக்கடையில பெரியவங்க காலையில முதல்ல திருப்புறது அந்தப் பக்கத்தைத்தான். எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும், எங்கம்மா லென்ஸ் வச்சுத்தான் படிக்காங்க.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வச்சிருக்கும் ஒரு வாசகி,
தென்காசி மாவட்டம்.